ஒரு முங்கில் எத்தனை சிப்பி? பைல் படிக்கும் வேகமும் பஃபர் அளவும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் புதியது, மெமரியும் நிறைய இருக்கிறது. ஆனாலும் ஒரு பெரிய பைலைத் திறந்து வேலை பார்க்கும்போது ஏன் சில புரோகிராம்கள் மட்டும் ஆமை வேகத்தில் நகர்கின்றன?" பெரும்பாலானோர் குற்றத்தை ஹார்ட் டிஸ்க் மீதோ, பிராசசர் மீதோ போட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் இரண்டின் மீதும் தவறு இருக்காது. அந்தப் புரோகிராம் ஒரு தடவைக்கு எவ்வளவு தகவலை அள்ளி எடுக்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கும். இந்த அள்ளும் பாத்திரத்தின் பெயர் பஃபர்.

இதனை நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் உண்மையில் புரிந்துகொண்டது எங்கள் ஊரான கீழவைப்பாரில், ஓர் இரவு என் சித்தப்பாவிடம் மாட்டிக்கொண்டபோதுதான். அந்தக் கதையோடு விஷயத்தைப் பார்ப்போம்.

சித்தப்பாவின் மூன்று வருடக் கடல்

வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தில், தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கிறது கீழவைப்பார். பக்கத்து ஊரின் பெயரே சிப்பிகுளம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தும் சங்கு குளித்தும் வாழ்ந்த கரை இது. சித்தப்பாவும் இளவயதில் சங்கு குளித்தவர். இப்போது பைபர் வள்ளத்தில் வலை போடுகிறார்.

கடலுக்கு அடியில் உள்ள பாறைத் திட்டுகளை எங்கள் பக்கம் பார் என்போம். மீன் அதிகம் கிடைக்கும் இடம் அதுதான். வலை சிக்கிக் கிழியும் இடமும் அதுதான். எந்தப் பாரில் எந்த மூலையில் வலை சிக்கும் என்பது சித்தப்பாவின் மனதில் இருந்தது. அதனைப் பதிவு செய்வதற்காக அவருடைய போனுக்கு ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு விநாடியும் நேரம், ஜி.பி.எஸ். இடம், வேகம், அவர் தேர்ந்தெடுத்த பாரின் பெயர் ஆகியவற்றை ஒரு வரியாக எழுதி வைக்கும். வலை சிக்கினால் ஒரு பட்டனை அழுத்துவார். அந்த வரியில் ஒரு குறி விழும்.

மூன்று வருடத்தில் அந்த டெக்ஸ்ட் பைல் ஏறத்தாழ 3 ஜிபி அளவுக்கு வளர்ந்துவிட்டது. கிட்டத்தட்ட 3 கோடி வரிகள். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த என்னிடம் சித்தப்பா, "புது வலை வாங்கியிருக்கேன். நாளைக்கு வெள்ளன மூணு மணிக்கு இறங்குறோம். எந்த எந்த எடத்துல வலை சிக்குச்சுன்னு ஒரு தாள்ல எடுத்துக் குடு" என்றார். கடன் வாங்கிப் போட்ட வலை. அது முதல் நாளே கிழிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில், பெயர் வாரியாகக் கணக்கெடுக்கும் புரோகிராம் ஒன்றை அவசரமாக எழுதி, இரவு ஒன்பதரை மணிக்கு ஓட விட்டேன். பதினொன்றரை மணிக்குப் பார்த்தால் 40 சதவீதம் கூட முடியவில்லை. இப்படியே போனால் முடிய இரண்டரை மணி ஆகும். பட்டியலில் ஏதாவது தவறு இருந்தால் திருத்த நேரமே இருக்காது.

"என்னல, இன்னும் முடியலையா?" என்று வந்து நின்றார் சித்தப்பா. நான் என் புரோகிராமைப் பார்த்தேன். வரி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதற்காக, பைலில் இருந்து ஒவ்வொரு பைட்டாகக் கேட்டு வாங்கும்படி எழுதியிருந்தேன். அதனை அவருக்கு எப்படிச் சொல்வது? "கடலுக்குள்ள போயி ஒவ்வொரு சிப்பியா எடுத்துட்டு வருது சித்தப்பா" என்றேன்.

"ஒரு சிப்பிக்கு ஒரு முங்கா? எவனாவது அப்படி முங்குவானா? பை எதுக்கு இருக்கு?" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

முத்துக்குளிப்பில் பஃபர்

தூத்துக்குடிக் கடலில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-இல். அதில் என் தாத்தாவும் முங்கியிருக்கிறார். முங்குபவர் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்குவார். மூச்சை அடக்கி ஏறத்தாழ ஒரு நிமிடம் இருந்து, கைக்கு எட்டிய சிப்பிகளை எல்லாம் வலைப்பையில் போடுவார். கயிற்றை அசைத்ததும் வள்ளத்தில் இருப்பவர் இழுத்துக்கொள்வார்.

இதில் நேரத்தையும் மூச்சையும் தின்பது இறங்குவதும் ஏறுவதும்தான். கீழே போன பிறகு ஒரு சிப்பிக்குப் பதில் நாற்பது சிப்பி எடுப்பதற்குக் கூடுதல் செலவு அதிகமில்லை. எனவே பை. அந்தப் பைதான் பஃபர்.

கம்ப்யூட்டரில் நடப்பது என்ன?

ஒரு புரோகிராம் நேரடியாக ஹார்ட் டிஸ்க்கைத் தொட முடியாது. "இந்தப் பைலில் இருந்து இத்தனை பைட் கொடு" என்று விண்டோஸ் அல்லது லினக்ஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்க வேண்டும். இந்தக் கோரிக்கையை சிஸ்டம் கால் என்பார்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பிராசசர் நம் புரோகிராமை நிறுத்தி, ஆபரேட்டிங் சிஸ்டத்திற்குள் போய், அனுமதி சரிபார்த்து, தகவலை நகலெடுத்துக் கொடுத்து, மீண்டும் நம் புரோகிராமுக்குத் திரும்ப வேண்டும். ஒரு பைட் கேட்டாலும் இந்தப் பயணம் உண்டு. பத்தாயிரம் பைட் கேட்டாலும் இதே பயணம்தான்.

"ஒவ்வொரு பைட்டுக்கும் ஹார்ட் டிஸ்க் சுழல்வதால்தானே தாமதம்?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி செகண்ட் ஆகும். ஒவ்வொரு பைட்டுக்கும் அப்படிக் காத்திருந்தால் ஒரு ஜிபி படிக்க மாதக்கணக்கில் ஆகிவிடும். எனவே ஆபரேட்டிங் சிஸ்டமே புத்திசாலித்தனமாக, நாம் கேட்பதற்கு முன்பே அடுத்த பகுதிகளை எடுத்துத் தன் மெமரியில் வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் இந்த முன்கூட்டிப் படிக்கும் அளவு வழக்கமாக 128 கிலோபைட். விண்டோஸும் இதே வேலையைச் செய்கிறது.

ஆக, டிஸ்க்கில் இருந்து மெமரிக்கு வரும் பயணத்தை ஆபரேட்டிங் சிஸ்டம் கவனித்துக்கொள்கிறது. அந்த மெமரியில் இருந்து நம் புரோகிராமுக்கு வரும் பயணத்தை நாம்தான் கவனிக்க வேண்டும். என் புரோகிராம் மாட்டிக்கொண்டது இந்த இரண்டாவது பயணத்தில்.

ஒரு சிறிய கணக்கு

புரியும்படி ஒரு கணக்குப் போடலாம். ஒரு முறை கேட்பதற்கு ஒரு மைக்ரோ செகண்ட், அதாவது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜிபி பைலைப் படிக்கக் கேட்பதற்கு மட்டும் ஆகும் நேரம் இதோ:

1 பைட் பஃபர்: 107 கோடி முறை கேட்க வேண்டும். சுமார் 18 நிமிடம்.
512 பைட்: ஏறத்தாழ 21 லட்சம் முறை. 2.1 விநாடி.
8 கிலோபைட்: 1,31,072 முறை. 0.13 விநாடி.
64 கிலோபைட்: 16,384 முறை. 0.016 விநாடி.
1 மெகாபைட்: 1,024 முறை. 0.001 விநாடி.

இதோடு டிஸ்க்கில் இருந்து தகவல் வரும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். விநாடிக்கு 100 மெகாபைட் தரும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதற்கு எப்படியும் 10 விநாடி ஆகும். இப்போது பாருங்கள். ஒரு பைட்டில் இருந்து 8 கிலோபைட்டுக்கு மாறினால் 18 நிமிட வேலை 10 விநாடியில் முடிகிறது. ஆனால் 8 கிலோபைட்டில் இருந்து ஒரு மெகாபைட்டுக்கு மாறினால் மிச்சமாவது ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்குதான்.

அதாவது, பஃபர் மிகச் சிறியதாக இருந்தால் பெரிய நஷ்டம். போதுமான அளவுக்கு வந்த பிறகு மேலும் மேலும் பெரிதாக்குவதில் லாபம் இல்லை.

அப்படியானால் பெரிதாகவே வைத்துவிடலாமே?

பையைப் பெரிதாக்கலாம், ஆனால் சிப்பி நிரம்பிய மிகப் பெரிய பையை இழுத்து ஏற்றுவதே ஒரு வேலையாகிவிடும். கம்ப்யூட்டரிலும் மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பஃபர் என்பது மெமரியில் ஒதுக்கப்படும் இடம். நூறு மெகாபைட் பஃபர் வைத்தால் அத்தனை மெமரியும் மற்ற புரோகிராம்களுக்குக் கிடைக்காது. இரண்டாவது, பிராசசருக்குள்ளேயே கேஷ் என்னும் மிக வேகமான சிறிய மெமரி உண்டு. சில நூறு கிலோபைட், சில மெகாபைட் அளவுதான் இருக்கும். பஃபர் அதனைவிடப் பெரிதானால், ஒவ்வொரு முறையும் வெளியே உள்ள மெதுவான மெமரிக்கு ஓட வேண்டும். மூன்றாவது, முழுப் பையும் நிரம்பும் வரை அடுத்த வேலை காத்துக்கிடக்கும். முதல் வரி உடனே வேண்டும் என்றாலும் கிடைக்காது.

பொருத்தமான அளவு காலத்தோடு மாறி வந்திருக்கிறது. டாஸ் காலத்தில் கான்பிக்.சிஸ் என்னும் பைலில் "பஃபர்ஸ்=20" என்பது போல ஒரு வரியை எழுதி வைப்பார்கள். ஒவ்வொரு பஃபரும் டிஸ்க்கின் ஒரு செக்டாரை, அதாவது 512 பைட்டைத் தாங்கும். ஜாவா மொழியில் பஃபர் வைத்துப் படிக்கும் வசதி, நாம் எதுவும் சொல்லாவிட்டால் 8,192 பைட் எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் பைல்களை நகலெடுக்கும் சிபி என்னும் கட்டளையை எழுதுபவர்கள் அவ்வப்போது சோதித்துப் பார்த்து இந்த அளவைக் கூட்டி வருகிறார்கள். 2009-இல் 32 கிலோபைட். 2014-இல் 128 கிலோபைட். 2024-இல் 256 கிலோபைட். கம்ப்யூட்டர்கள் எத்தனையோ மடங்கு வேகமான 15 ஆண்டுகளில் எட்டு மடங்குதான் கூடியிருக்கிறது என்பதைக் கவனிக்கவும்.

வேகம் வந்தது, பெயர் உடைந்தது

மீண்டும் கீழவைப்பாருக்கு வருவோம். ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்தினேன். ஒரு தடவைக்கு 64 கிலோபைட் அள்ளும்படி மாற்றி மறுபடி ஓட விட்டேன். சித்தப்பா ஒரு கட்டஞ்சாயா குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் பட்டியலைப் பார்த்ததும் பெருமை போய்விட்டது. சித்தப்பா பெயர் வைத்திருந்த இடங்கள் மொத்தம் 43. பட்டியலிலோ ஐந்நூறுக்கும் மேல் பெயர்கள். நடுவில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி போட்ட அரைகுறைப் பெயர்கள். "அது ஏதோ குப்பை, விடுங்க" என்று சரியான 43 பெயர்களை மட்டும் எடுத்துத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தவர், ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "காரியாச்சல்லி வெளிப்பார்ல ஒண்ணுமே சிக்கலன்னு போட்டிருக்க?"

"பதிவுல அப்படித்தான் இருக்கு சித்தப்பா."

"அங்க ஒரே ஒரு தடவதாம்ல சிக்குச்சு. அதுலதான் முழு வலையும் போச்சு."

குப்பை என்று தள்ளியதற்குள் தேடினேன். உடைந்து கிடந்த பெயர்களில் ஒன்றின் எதிரே '1' என்று இருந்தது. அந்த ஒரே குறி அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

தமிழ் எழுத்துக்கு மூன்று பைட்

என்ன நடந்தது? ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் அடங்கிவிடும். யூனிகோடு தமிழை யு.டி.எப்.-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். 'அ' என்னும் எழுத்து பைலில் 224, 174, 133 என்னும் மூன்று எண்களாக இருக்கும். 'பார்' என்னும் சொல்லில் ப, துணைக்கால், ர, புள்ளி என நான்கு குறியீடுகள். எனவே 12 பைட்.

பஃபர் இதனைப் பார்ப்பதில்லை. 64 கிலோபைட் ஆனதும் கத்தி வைத்தது போல் வெட்டிவிடும். வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தால், ஒரு பைட் இந்தப் பையிலும் இரண்டு பைட் அடுத்த பையிலும் போய்விடும். தனித்தனியாகப் பார்க்கும்போது இரண்டுமே எழுத்து இல்லை. அதற்குப் பதில்தான் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் வருகிறது. 2000-களின் தொடக்கத்தில் புழங்கிய டிஸ்கி, டேப் போன்ற பழைய தமிழ்க் குறியீடுகளில் ஒரு வடிவத்துக்கு ஒரு பைட் என்பதால் இந்தச் சிக்கல் எழவில்லை. ஒவ்வொரு பைட்டாகப் படித்தபோதும் எனக்கு இது வரவில்லை. ஏனென்றால் அப்போது முழு வரி சேர்ந்த பிறகே எழுத்தாக மாற்றினேன். வேகத்துக்காகப் பையைப் பெரிதாக்கியபோது, ஒவ்வொரு பையையும் தனியாக எழுத்தாக மாற்றிவிட்டேன். அதுதான் தவறு.

தீர்வு எளிது. ஒவ்வொரு பையிலும் கடைசியாக வரி முடியும் இடத்தைத் தேட வேண்டும். அதுவரை உள்ளதை மட்டும் எழுத்தாக மாற்ற வேண்டும். மிச்சம் உள்ள பைட்களை எழுத்தாக மாற்றாமல் அப்படியே அடுத்த பையின் முன்னால் சேர்க்க வேண்டும். வரி முடிவுக்கான எண் 10. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் யு.டி.எப்.-8 முறையை வடிவமைத்தபோது, பல பைட் கொண்ட எழுத்துக்குள் 10 போன்ற சிறிய எண்கள் வரவே வராதபடி செய்துவிட்டார்கள். எனவே அந்த இடத்தில் வெட்டினால் எந்தத் தமிழ் எழுத்தும் உடையாது. இதனை எல்லாம் நாமே செய்ய வேண்டாம் என்றால், ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் டெக்ஸ்ட் பைலை வரி வரியாகப் படிக்கத் தயாராக உள்ள வசதியைப் பயன்படுத்தலாம். யு.டி.எப்.-8 என்று சொல்லிவிட்டால் பஃபரையும் எழுத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

திருத்திய புரோகிராம் முடித்தபோது மணி ஒன்று. இம்முறை சரியாக 43 பெயர்கள். காரியாச்சல்லி வெளிப்பாருக்கு எதிரே 1. தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்தேன். மூன்று மணிக்கு வள்ளம் இறங்கியது. மத்தியானம் வலை கிழியாமல் திரும்பி வந்தது.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. விண்டோஸில் பைல்களை நகலெடுக்கும்போது பஃபர் அளவை நீங்கள் அமைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான சிறிய பைல்களை பென் டிரைவுக்கு அனுப்பினால், ஒவ்வொன்றையும் திறந்து மூடும் செலவு சேரும். அவற்றை ஒரே ஜிப் பைலாக்கி அனுப்பினால் பெரும்பாலும் விரைவாக முடியும். இதுவும் ஒரு பைதான்.

2. எழுதும்போதும் பஃபர் உண்டு. "நகலெடுத்தாகிவிட்டது" என்று திரையில் தோன்றினாலும் கடைசிப் பகுதி மெமரியிலேயே இருக்கலாம். விண்டோஸ் 10-இன் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்து உடனே எழுதிவிடும் முறை வழக்கமாகிவிட்டது. இருந்தாலும் பென் டிரைவைப் பாதுகாப்பாக வெளியேற்றிய பிறகே எடுப்பது நல்ல பழக்கம்.

3. ஏதாவது சாப்ட்வேரில் பஃபர் அளவு கேட்டால், அது தரும் அளவையே முதலில் வைத்துப் பாருங்கள். பைல் படிக்கும் வேலைக்கு 64 முதல் 256 கிலோபைட் வரை பெரும்பாலும் போதும்.

4. புரோகிராம் எழுதிப் பழகுபவர்கள் 1, 512, 8,192, 65,536 என்று அளவை மாற்றி ஒரே பைலைப் படித்து நேரம் பார்க்கலாம். முதல் முறை படித்ததும் பைல் மெமரியில் தங்கிவிடும் என்பதால் இரண்டாவது முறை தானாகவே வேகமாக ஓடும். அதனைப் பஃபரின் வேலை என்று எண்ணி ஏமாற வேண்டாம். ஒவ்வோர் அளவையும் மூன்று நான்கு முறை ஓட்டி, முதல் முறையை விட்டுவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

5. சோதனைக்கு ஆங்கில பைலை மட்டும் எடுக்காமல், ஒரு நீளமான தமிழ் பைலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தைப் பார்த்த கையோடு, கறுப்புக் கட்டம் எங்காவது இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். ஒன்று இருந்தாலும் அதனைக் குப்பை என்று தள்ள வேண்டாம். யாருடைய வலை அதில் சிக்கியிருக்கிறதோ!